டிஸ்டார்ஷனை அழுத்தினால் கிளம்பும் இரைச்சல்: நாய்ஸ் கேட் வாங்குவதற்கு முன்

கேள்வி சுருக்கமாக இது: ஸ்ட்ராட் வகை கிட்டார். அதன்பின் வா (wah), கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் (இரண்டும் சத்தத்தைக் கரடுமுரடாக்குபவை), டிலே (எதிரொலி தருவது) என்று வரிசையாகப் பெடல்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரியும் டெய்ஸி செயின் ஒயர். கடைசியில் ஒரு சின்ன ட்யூப் ஆம்ப். சில நாள் ஆம்பின் லைன் அவுட்டை ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக லேப்டாப்பில் ரெக்கார்ட் செய்வதும் உண்டு. வாசிக்காமல் இருக்கும்போதே இரைச்சல்; டிஸ்டார்ஷனை அழுத்தினால் தாங்க முடியவில்லை. நாய்ஸ் கேட் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். கேட் இரைச்சலைக் குறைப்பதில்லை. நீங்கள் வாசிக்காத நேரத்தில் சத்தத்தை மொத்தமாக அடைக்கிறது, அவ்வளவுதான். ஒரு நோட்டை அடித்ததும் அது திறந்துவிடும், இரைச்சலும் நோட்டோடு சேர்ந்தே வெளியே வரும். இரைச்சல் அதிகமாக இருந்தால் கேட்டையும் இறுக்கமாக வைக்க வேண்டியிருக்கும். அப்போது நீளமாக நின்று மெல்லத் தேய வேண்டிய நோட்டு பாதியிலேயே வெட்டுப்படும். மெதுவாக வாசிக்கிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. இரைச்சல் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்று கண்டுபிடித்து அங்கேயே அடைத்தால், பாதிப் பேருக்கு மேல் கேட்டே தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

கண்டுபிடிக்க முதலில் காது போதும். ஆம்பை ஆன் செய்து, கிட்டாரைச் செருகி, எதையும் வாசிக்காமல் கொஞ்ச நேரம் கவனித்துக் கேளுங்கள்.

‘ம்ம்ம்’ என்று நிலையான முனகலாக இருந்தால் அது வீட்டு மின்சாரத்திலிருந்து வருகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வருவது ஜி, அதாவது 98 ஹெர்ட்ஸ். முனகல் அந்த ஜி-யை ஒட்டி, ஆனால் கொஞ்சம் ஏறினாற்போல் கேட்டால் அது 100 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50. அந்த 100 ஹெர்ட்ஸ் ஜி-யை விடக் கால் செமிடோனுக்கு மேல், சரியாகச் சொன்னால் 35 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருக்கும். இதைத் தெரிந்துகொள்வதில் பலன் இருக்கிறது. 50 பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது: பிக்கப் (கம்பியின் அசைவை மின் சிக்னலாக்கும் சுருள்) பிடித்தது, வா பெடல் பிடித்தது, அல்லது கிரவுண்ட் லூப் (இரண்டு கருவிகள் இரண்டு வழியில் கிரவுண்டாவதால் உண்டாகும் வளையம்; பின்னால் சொல்கிறேன்). 100 பெரும்பாலும் ஏதோ ஒரு கருவியின் பவர் சப்ளையில் வடிகட்டாமல் விட்ட மிச்சம், ஏனென்றால் ஏசியை டிசியாக மாற்றும்போது அலை இரட்டிப்பாகிறது. அமெரிக்க யூட்யூப் வீடியோக்களில் 60 சைக்கிள் ஹம் என்று சொல்லி வேறு நோட்டைக் காட்டுவார்கள். அவர்களுடைய மின்சாரம் வேறு, அந்த நோட்டை இங்கே தேடாதீர்கள்.

முனகலாக இல்லாமல் ‘ஸ்ர்ர்ர்’ என்று முள்முள்ளாகக் கேட்டால் அது டிம்மர், ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பு போன்றவை காற்றில் வீசும் மின்புலம். ‘ஷ்ஷ்ஷ்’ என்று மழைச் சத்தம் மாதிரி இருந்தால் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகம். ‘கீ...’ என்று மேல்சுருதியில் ஊசி குத்துவது டிஜிட்டல் பெடல் அல்லது சார்ஜர். கரகரவென்று விட்டுவிட்டு வருவது அழுக்கு ஜாக், விட்டுப்போன சால்டர், தேய்ந்த பொட்டென்ஷியோமீட்டர் (திருகும் நாப்பின் அடியில் இருக்கும் பாகம்). ‘டிட்-டிட்-டிர்ர்’ என்று வந்தால் பக்கத்தில் இருக்கும் மொபைல். 2ஜி சிக்னல் விநாடிக்கு ஏறக்குறைய 217 தடவை விட்டுவிட்டு வெடிப்பதால் வருகிற சத்தம் அது. மொபைலை அறைக்கு வெளியே வைத்தால் தீர்ந்தது.

அடுத்து கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நம் உடம்பு அறையில் இருக்கும் மின்புலத்தைப் பிடித்துப் பிக்கப்புக்குக் கடத்துகிறது. கம்பிகள் பிரிட்ஜ் வழியாகக் கிரவுண்டோடு இணைந்திருப்பதால், தொட்டதும் உடம்பும் கிரவுண்டாகிவிடுகிறது. கிட்டாரின் வயரிங் ஒழுங்காக இருக்கிறது, உள்ளே ஷீல்டிங் (மின்புலத்தைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை என்று அர்த்தம். மாறாக, தொட்டால் இரைச்சல் ஏறினாலோ, விரலில் சுள்ளென்று இழுத்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். கிட்டாரைக் கீழே வைத்து, ஆம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எர்த் பற்றிக் கீழே எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

இனி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும். ஆம்பில் எதையும் செருகாமல் கேளுங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் ஜாக் காலியாக இருந்தால் இன்புட் தானாகவே கிரவுண்டாகிவிடும், ஆகவே அப்போது கேட்பது ஆம்பின் சொந்தச் சத்தம் மட்டுமே. அடுத்து கேபிளோடு கிட்டாரை நேரடியாக ஆம்பில் செருகி, வால்யூமைப் பூஜ்யத்திலும் பத்திலும் வைத்துக் கேளுங்கள். பூஜ்யத்தில் அமைதி, பத்தில் முனகல் என்றால் பிக்கப். இரண்டிலும் முனகல் என்றால் கேபிள் அல்லது ஜாக். அதன்பின் பெடல்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகச் சேருங்கள்: முதலில் டிலே மட்டும், பிறகு டிஸ்டார்ஷன். ஒவ்வொன்றையும் ஆன், ஆஃப் இரண்டிலும் கேட்க வேண்டும். எதைச் சேர்த்ததும் சத்தம் மாறுகிறதோ அங்கே நில்லுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகலாம், ஆனால் பணம் செலவழித்துத் தெரிந்துகொள்வதை விட இது மேல்.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் என் முதல் சந்தேகம் டெய்ஸி செயின்மேல்தான். ஒரே அடாப்டரில் ஐந்து பெடல் ஓடுவது தவறில்லை. ஐந்தும் அனலாக் பெடலாக இருந்தால் பெரும்பாலும் சத்தமே வராது. சிக்கல் டிலே உள்ளே வரும்போது தொடங்குகிறது. டிஜிட்டல் பெடலுக்குள் கிளாக் ஒன்று விடாமல் துடித்துக்கொண்டிருக்கும், அதற்கேற்ப அது மின்சாரத்தைத் துண்டு துண்டாக இழுக்கும். அந்த இழுப்பின் அதிர்வு பொது ஒயர் வழியாக ஓவர்டிரைவுக்கும் டிஸ்டார்ஷனுக்கும் போகிறது. அவை அதையும் கிட்டார் சிக்னல் என்றே நினைத்துப் பெருக்குகின்றன. கூடவே ஒவ்வொரு பெடலும் பவர் ஒயரிலும், பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிளின் ஷீல்டிலும் என இரண்டு வழியில் கிரவுண்டாவதால் போர்டுக்குள்ளேயே சின்னச் சின்ன லூப்புகள் உருவாகின்றன.

சோதிப்பது சுலபம். ஓவர்டிரைவிலும் டிஸ்டார்ஷனிலும் 9 வோல்ட் பேட்டரி போட்டு, அவற்றின் பவர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். டிலே மட்டும் அடாப்டரில் இருக்கட்டும். கீச்சொலி போய்விட்டால் விடை கிடைத்தாயிற்று. இன்னொரு அடையாளமும் உண்டு: டிலேயின் டைம் நாப்பைத் திருப்பும்போது கீச்சொலியின் சுருதியும் கூடவே ஏறி இறங்கினால், அந்தப் பெடலின் கிளாக்கைத்தான் கேட்கிறீர்கள்.

நல்ல தீர்வு ஐசோலேட்டட் பவர் சப்ளை. அதில் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனிச் சுற்று, ஒன்றின் கிரவுண்ட் மற்றொன்றோடு சேராது. ஆனால் பெட்டியின் மேல் அப்படி அச்சடித்திருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். வாங்கும்போது ஒரு மல்டிமீட்டரைக் கொண்டுபோங்கள். பெடல் எதையும் இணைக்காமல், மீட்டரை கன்டின்யூட்டியில் வைத்து, ஒரு வாயின் நடு முனையையும் அடுத்த வாயின் நடு முனையையும் தொடுங்கள். பெரும்பாலான பெடல் சப்ளைகளில் நடு முனைதான் நெகட்டிவ். மீட்டர் ‘பீப்’ என்றால் உள்ளே கிரவுண்ட் ஒன்றாகவே இருக்கிறது, பல வாய் வைத்த டெய்ஸி செயினைத்தான் உங்களுக்கு விற்கிறார்கள். சத்தமே இல்லாவிட்டால் ஐசோலேட்டட் என்று நம்பலாம்.

ஒவ்வொரு வாயும் எத்தனை மில்லிஆம்பியர் தரும் என்பதையும் பாருங்கள். ஓவர்டிரைவ் மாதிரி எளிய பெடல்களுக்கு 10 மில்லிஆம்பியர்கூட வேண்டியிருக்காது. டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் போன்றவை 100, 200, சில சமயம் 300-க்கும் மேல் கேட்கும். போதாத வாயில் செருகினால் பெடல் அணையலாம், அணையாமல் இரைந்துகொண்டும் இருக்கலாம். மில்லிஆம்பியர் தேவைக்கு அதிகமாக இருப்பதால் கெடுதல் இல்லை. வோல்ட் மட்டும் சரியாகப் பொருந்த வேண்டும். கையில் இப்போது பணம் இல்லை என்றால் இன்னொரு வழி: அனலாக் பெடல்கள் நான்கும் ஒரு அடாப்டரில், டிலேக்குத் தனியாக ஒரு அடாப்டர். முக்கால்வாசிப் பலன் இதிலேயே கிடைத்துவிடும். மொபைல் சார்ஜரிலிருந்து 9 வோல்ட் எடுக்கும் கேபிள்கள் விற்கிறார்கள். டிஸ்டார்ஷனுக்கு அவற்றைத் தவிர்த்துவிடுங்கள், அவற்றின் சுவிட்சிங் சத்தம் நேராக உள்ளே வரும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய பாணி ஃபஸ் பெடல் வாங்கினால், அது பாசிட்டிவ் கிரவுண்ட் வகையா என்று கேட்டு வாங்குங்கள். அப்படிப்பட்டதை மற்றவற்றோடு ஒரே டெய்ஸி செயினில் சேர்த்தால் சப்ளை ஷார்ட் ஆகும். அதற்குப் பேட்டரி போட்டுக்கொள்வதே நல்லது.

சரி, டிஸ்டார்ஷனை அழுத்தியதும் ஏன் இத்தனை கூடுகிறது? பெடல் பழுது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவில் டிரைவ் நாப்பை முழுக்கத் திருப்பினால் சின்ன சிக்னலை அது சுமார் 118 மடங்கு வரை பெருக்கும், அடி முனகலை விட அதற்கு மேலுள்ள இரைச்சலையே அதிகமாக. பிக்கப்பில் ஒரே ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் நுழைந்திருந்தால் அது 118 மில்லிவோல்ட் வரை போகலாம். சிங்கிள் காயில் கிட்டாரை வாசிக்கும்போது வரும் சிக்னலே கிட்டத்தட்ட அந்த அளவுதான். அதாவது, ஒருவர் விடாமல் உட்கார்ந்து இரைச்சலை வாசித்துக்கொண்டிருப்பதற்குச் சமம். கிட்டார் சிக்னலோ ஓர் எல்லைக்கு மேல் போகாது, டிஸ்டார்ஷன் அதன் தலையை வெட்டிவிடும். இரைச்சலுக்கு அந்த எல்லை இன்னும் வரவில்லை, அது ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் கெயினைக் கூட்டக் கூட்ட வாசிப்பு உரக்கக் கேட்பதில்லை, இரைச்சல் மட்டும் உரக்கக் கேட்கிறது.

தொடரில் முதலில் நுழைவதே கடைசியில் பெரிதாகத் தெரியும். ரேடியோ ரிசீவர்களுக்கு இதே கணக்கை ஹரால்ட் ஃப்ரீஸ் 1944-ல் சூத்திரமாகவே எழுதிக் காட்டினார்: தொடரின் மொத்த இரைச்சலைப் பெரும்பாலும் முதல் கட்டமே தீர்மானிக்கிறது. ஆகவே செலவும் உழைப்பும் கிட்டாருக்கும் முதல் பெடலுக்கும்தான் முதலில் போக வேண்டும், ஆம்பின் பக்கம் அல்ல.

நாப்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிரைவை எங்கே வைத்தாலும், உங்களுக்கு வேண்டிய சத்தம் கிடைத்த இடத்திலிருந்து மெல்லக் குறைத்துப் பாருங்கள். தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது கெயின் அதிகம் பிடிக்கும். டிரம்ஸோடும் பேஸோடும் வாசித்தால் அதில் பாதி போதும் என்று தெரியும். ஓவர்டிரைவையும் டிஸ்டார்ஷனையும் சேர்த்து அழுத்துகிறீர்கள் என்றால், முன்னே இருக்கும் ஓவர்டிரைவின் டிரைவைக் குறைத்து லெவலைக் கூட்டி வையுங்கள். அப்புறம் கம்ப்ரஸர். நீங்கள் வாசிப்பதை நிறுத்தியதும், சிக்னல் குறைந்துவிட்டதே என்று அது தன் கெயினை ஏற்றிக்கொள்ளும். அமைதியான நேரத்தில் இரைச்சல் அலைபோல் எழும்பி வருவது அதனால்தான். டிஸ்டார்ஷன் ஆனில் இருக்கும்போது கம்ப்ரஸரை ஆஃப் செய்துவிடுங்கள். டிஸ்டார்ஷனே நல்ல கம்ப்ரஸர், இரண்டு வேண்டாம். கிட்டாரின் வால்யூமையும் காரணமில்லாமல் பாதியில் வைக்காதீர்கள். பாதியில் வைத்தால் கிட்டாரின் அவுட்புட் இம்பிடன்ஸ் (மின்தடை போன்றது) ஏறும், கேபிள் அதிகமாக இரைச்சல் பிடிக்கும். மற்றபடி உங்கள் பெடல் வரிசை சரியாகவே இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

வா பெடலைத் தனியாகக் கவனியுங்கள். அதனுள் இண்டக்டர் என்ற சின்னச் சுருள் இருக்கிறது, கிட்டத்தட்ட அதுவும் ஒரு பிக்கப்தான். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த அடாப்டர் இருந்தால் அதன் காந்தப்புலத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். வா-வை ஆன் செய்து, கையில் தூக்கிப் போர்டின் மேல் அங்குமிங்கும் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் முனகல் உச்சத்துக்குப் போகும், திருப்பினால் ஒரு கோணத்தில் காணாமலே போகும். அந்தக் கோணத்திலோ, அடாப்டரிலிருந்து ஓர் அடி தள்ளியோ வைத்துவிட்டால் போதும்.

கிட்டாருக்கு வருவோம். ஃபெண்டர் 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்ததிலிருந்தே அதன் சிங்கிள் காயில் பிக்கப் முனகும். கம்பியின் அசைவையும் அறையின் காந்தப்புலத்தையும் ஒரே சுருள் பிரித்துப் பார்க்காமல் பிடிக்கிறது. இதற்காகத்தான் கிப்சன் நிறுவனத்தில் ஸேத் லவர் இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் சுற்றும் காந்தமும் மற்றொன்றுக்கு எதிர். கம்பியின் சிக்னல் இரண்டிலும் சேர்ந்து கூடும், வெளியிலிருந்து வரும் முனகல் எதிரெதிராகக் கழிந்துபோகும். 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்த ஹம்பக்கர் இன்றும் பழைய கணக்கில்தான் ஓடுகிறது. உங்கள் ஸ்ட்ராட்டிலும் அதே உபாயம் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. செலக்டர் ஸ்விட்சை இரண்டாவது, நான்காவது இடங்களில் வைத்துக் கேளுங்கள். நடுப் பிக்கப்பை எதிர்ச்சுற்றில் போட்டிருந்தால் அந்த இரண்டு இடங்களில் முனகல் சட்டென்று குறையும். கெயின் அதிகமான பாடலுக்கு அந்த இடங்களைப் பயன்படுத்தலாம். ஒற்றைப் பிக்கப்பே வேண்டுமென்றால், உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் முனகல் மிகக் குறைவாக இருக்கும். ஆம்பிலிருந்தும் சில அடி தள்ளி உட்காருங்கள். அதன் பவர் டிரான்ஸ்ஃபார்மர்தான் அறையிலேயே பெரிய காந்தப்புலம், தூரம் கூடினால் அது வேகமாகக் குறைந்துவிடும்.

கம்பியைத் தொட்டதும் குறையும் அந்த ‘ஸ்ர்ர்ர்’ இருக்கிறதே, அதற்குத்தான் ஷீல்டிங். முகப்பில் இருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் குழி முழுவதும் செம்புத் தகடு ஒட்ட வேண்டும். பசையும் மின்சாரம் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் ஒரு பொட்டு சால்டர் வையுங்கள். பிக்கார்டின் பின்புறமும் ஒட்டி, மூடும்போது குழியின் விளிம்புத் தகடும் பிக்கார்டுத் தகடும் தொட்டுக்கொள்ளும்படி ஒரு நாக்கு விட வேண்டும். எல்லாம் ஒரே கிரவுண்டில் சேர்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். அதிகம் கோட்டை விடும் இடம் ஜாக். கேபிளைச் செருகியதும் ஜாக்கின் நுனித் தகடு விரிந்து செம்பைத் தொட்டுவிட்டால் சத்தமே வராது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். செம்புத் தகடு மின்புலத்தை மட்டும்தான் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அதை ஊடுருவி வரும், ஆகவே ஷீல்டிங் செய்த பிறகும் அடி முனகல் மிச்சமிருந்தால் வேலை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்கு மருந்து ஹம்பக்கர் அல்லது இரட்டைச் சுருள் வைத்த நாய்ஸ்லெஸ் பிக்கப் மட்டுமே.

கேபிளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தங்க முலாம், விலை உயர்ந்த பெயர், எதுவும் வேண்டாம். நல்ல ஷீல்டு, திறந்து சால்டர் செய்யக்கூடிய பிளக், இரண்டும் இருந்தால் போதும். ஸ்பீக்கர் கேபிளைக் கிட்டாருக்குப் போடாதீர்கள், அதில் ஷீல்டே கிடையாது. கிட்டார் கேபிளை ஆம்ப் ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் போடுவது அதைவிட மோசம், ஆம்பே போய்விடும். ஆனால் நீளம் முக்கியம். சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். போர்டுக்கு 6 மீட்டர், அங்கிருந்து ஆம்புக்கு 6 மீட்டர் என்றால் ட்ரெபிள் கண்கூடாகக் குறையும். அதை ஈடுகட்ட ஆம்பில் ட்ரெபிளைத் திருகுவீர்கள், அதோடு ‘ஷ்ஷ்ஷ்’ சத்தமும் ஏறும். பெடல்கள் எல்லாம் ட்ரூ பைபாஸ் (அணைத்திருக்கும்போது சிக்னலை நேரே கடத்துபவை) என்றால் தொடரின் தொடக்கத்தில் ஒரு பஃபர் (நீளக் கேபிளில் சிக்னல் மங்காமல் காக்கும் சுற்று) வையுங்கள். பாஸ் நிறுவனத்தின் சாதாரண ட்யூனர் பெடல்கூட அந்த வேலையைச் செய்யும். பேட்ச் கேபிள் ஒவ்வொன்றையும் பிளக்கோடு ஆட்டிப் பாருங்கள். கரகரத்தால் தூக்கிப் போடுங்கள். போர்டின் அடியில் பவர் ஒயரும் சிக்னல் ஒயரும் கட்டுக்கட்டாகச் சேர்ந்து ஓட வேண்டாம், குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் செங்குத்தாகத் தாண்டட்டும்.

இப்போது எர்த். இதை நான் மெதுவாகவும் அழுத்தமாகவும் சொல்ல விரும்புகிறேன். முனகலுக்கு மருந்து என்று ஆம்பின் மூன்று பின்னில் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்கிறவர்கள், டேப் சுற்றச் சொல்கிறவர்கள், டூ பின் கன்வர்ட்டர் மாட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முனகல் நிஜமாகவே நின்றுவிடும். ஆனால் ஆம்புக்குள் ஒரு ஒயர் கழன்று உலோகச் சேஸிஸைத் தொட்டால், 230 வோல்ட் கிட்டார் கேபிளின் ஷீல்டு வழியாக நேரே கம்பிக்கு வரும். கையில் கம்பி, உதட்டில் எர்த் ஆகியிருக்கும் மைக்; நடுவில் இருப்பது இதயம். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-ல் ஸ்வான்ஸியில், மேடையிலேயே, எர்த் கோளாறினால் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். எர்த் பின்னை எந்தக் காரணத்துக்காகவும் நீக்காதீர்கள்.

நம் வீடுகளில் சிக்கல், பின்னை யாரும் வெட்டாமலே எர்த் இல்லாமல் இருப்பது. வெளிநாட்டு பிளக்குக்கு மாட்டும் யுனிவர்சல் கன்வர்ட்டர்களில் பலவற்றுக்கு எர்த் தொடர்பே கிடையாது. மூன்று ஓட்டை இருக்கும், ஆனால் ஒன்று வெறும் பிளாஸ்டிக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் அப்படித்தான், உள்ளே இரண்டு ஒயர் மட்டும் ஓடுவது உண்டு. பழைய வாடகை வீடுகளில் சுவரிலேயே எர்த் ஒயர் வராமல் இருக்கும், வந்தாலும் எர்த் குழி கோடையில் வறண்டு கிடக்கும். டெஸ்டரில் விளக்கு எரிவதை வைத்து எர்த் இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். முதலாவது 230 பக்கத்திலும் இரண்டாவது ஒன்றிரண்டு வோல்ட்டிலும் இருக்க வேண்டும். அப்படியே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வெறுங்காலோடு தரையில் நின்று வாசிக்கிறவர்களுக்கு இது பெடலை விட அவசியம். எர்த் சரியானதும் அந்த ‘ஸ்ர்ர்ர்’ பெருமளவு தானே அடங்கிவிடுவதைப் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

எர்த் ஒழுங்காக இருந்தும், ஆம்ப் தனியாக அமைதி, லேப்டாப்பை இணைத்ததும் முனகல் என்றால் அது கிரவுண்ட் லூப். ஆம்ப் தன் பிளக் வழியாக எர்த்துக்குப் போகிறது, லேப்டாப் தன் சார்ஜர் வழியாகப் போகிறது, நடுவில் ஆடியோ கேபிளின் ஷீல்டு இரண்டையும் இணைத்து வளையமாக்கிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சின்ன மின்னோட்டம் சிக்னலில் கலக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓடவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் காரணம் உறுதி. ரெக்கார்ட் செய்யும் நேரம் மட்டும் பேட்டரியிலேயே ஓட்டலாம், செலவே இல்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுப்பது அடுத்தது. அதிலும் போகாவிட்டால் ஆம்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டிஐ பாக்ஸ் (சிக்னலை மட்டும் கடத்தும் இணைப்புப் பெட்டி) ஒன்றைப் போட்டு, அதன் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள். அந்த ஸ்விட்ச் துண்டிப்பது சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டும்தான். மின்சார எர்த் அப்படியே இருக்கும், ஆகவே ஆபத்தில்லை. இரண்டு ஆம்பில் ஒரே நேரத்தில் வாசிப்பவர்களுக்கும் இதே வைத்தியம்: டிரான்ஸ்ஃபார்மர் ஐசோலேஷன் உள்ள ஸ்ப்ளிட்டர்.

அறையையும் ஒரு சுற்று பாருங்கள். ஃபேன் ரெகுலேட்டர் வட்டமாக, படியில்லாமல் சுழலும் எலக்ட்ரானிக் வகை என்றால் அதை முழு வேகத்தில் வைத்தோ அணைத்தோ கேளுங்கள். டிம்மர் விளக்கு, சீரியல் செட், மலிவான எல்இடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கரண்ட் போனதும் இரைச்சல் எகிறினால் வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை, அதில் ரெக்கார்ட் செய்ய முடியாது. கோயில் திருவிழா, கல்லூரி விழா மேடைகளில் லைட்டிங் டிம்மரும் சவுண்டும் ஒரே ஜெனரேட்டர் லைனில் இருந்தால், வேறு ஃபேஸிலிருந்து பவர் கொடுக்கும்படி சவுண்ட்காரரிடம் நிகழ்ச்சிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஆரம்பித்தபின் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

ஆம்பில் எதையும் செருகாதபோதே 100 ஹெர்ட்ஸ் முனகல் பலமாக இருந்தால், ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டன என்று சந்தேகிக்கலாம். சலங்கை மாதிரி கிணுகிணுத்தால் முன்வரிசை ட்யூப். பென்சிலின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினால் எது என்று தெரியும், அதை மட்டும் மாற்றலாம். சேஸிஸை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இவ்வளவும் முடிந்து, கெயின் அதிகமான இடங்களில் இடைவெளி சுத்தமாக இருந்தே ஆகவேண்டும் என்று தோன்றினால் கேட் வாங்குங்கள். சென்ட் (சிக்னலை வெளியே அனுப்பும் ஜாக்), ரிட்டர்ன் (திரும்ப வாங்கும் ஜாக்) வைத்த வகையாகப் பாருங்கள். பாஸ் என்எஸ்-2 மாதிரி. கிட்டாரை கேட்டின் இன்புட்டில் செருகி, சென்டிலிருந்து வா, கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், அங்கிருந்து ரிட்டர்னுக்குக் கொண்டுவாருங்கள். டிலே கேட்டின் அவுட்புட்டுக்குப் பிறகு வரட்டும், முன்னால் வந்தால் எதிரொலிகளின் வால் வெட்டுப்படும். இப்படி இணைத்தால் கேட் சுத்தமான கிட்டார் சிக்னலைக் கேட்டு முடிவெடுக்கும், இரைச்சலைக் கேட்டு ஏமாறாது. டிஸ்டார்ஷனை ஆன் செய்து, கிட்டார் வால்யூமைப் பத்தில் வைத்து, கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, த்ரெஷோல்டை (கேட் திறக்கும் எல்லையை) பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். இரைச்சல் மறைந்த இடத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிறுத்துங்கள். பிறகு ஒரு நோட்டை அடித்து முழுதாகத் தேயவிடுங்கள். வால் வெட்டுப்பட்டால் டீகேயை (கேட் மூட எடுக்கும் நேரத்தை) கூட்டுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் டிஸ்டார்ஷனின் கெயினைக் கொஞ்சம் குறைத்துவிட்டு த்ரெஷோல்டைத் திரும்பவும் முதலிலிருந்து வையுங்கள்.